240/20 என்றால் பெரிய குறுக்குக் காற்று இல்லை தம்பி

கொழும்புப் பக்கத்து ரத்மலானை விமான நிலையத்தில் காற்று 240 பாகை, 20 நொட் (மணிக்கு 20 கடல்மைல்), கடலிலிருந்து பக்கவாட்டில் அடிக்கிறது, அதனால் சின்ன விமானம் இறங்கவே முடியாது என்று மேலே போட்டிருக்கிறீர்கள் தம்பி, அது தப்பு.

அங்கே ஓடுபாதை 04/22. அதாவது 22 பக்கம் இறங்கும் விமானத்தின் மூக்கு ஏறக்குறைய 220 பாகையை, தென்மேற்கைப் பார்த்திருக்கும். வானிலை அறிக்கையில் வரும் 240, காற்று எங்கிருந்து வருகிறது என்பதற்கான எண் (தென்றல் தெற்கிலிருந்து வருகிற மாதிரிதான்). வித்தியாசம் 20 பாகை மட்டுமே. கணக்குப் போட்டால் எதிர்க்காற்று கிட்டத்தட்ட 19 நொட், குறுக்கே 7 நொட்தான். எதிர்க்காற்று இருந்தால் தரையைத் தொடும் வேகம் குறையும், குறைந்த தூரத்தில் நிற்கலாம், விமானிக்கு அது வசதி.

இதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் இங்கே ஹட்டனில் எங்கள் தோட்டத்து லய வீட்டுத் தகரக் கூரையை ராவெல்லாம் தடதடக்க வைக்கிறது, அதனால் பயம் புரிகிறது. ஆனால் பயப்பட வேண்டியது மழைக்கு. ஓடுபாதையில் தண்ணீர் தேங்கினால் டயர் தார்மேல் படாமல் தண்ணீர்மேல் வழுக்கும், பிரேக் பிடிக்காது. 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலே அதைச் சும்மா ஈரம் என்று சொல்ல மாட்டார்கள், தேங்கிய தண்ணீர் என்றுதான் எடுப்பார்கள். அப்புறம் அந்த மழைத்திரையில் ஓடுபாதை கண்ணுக்குத் தெரிய வேண்டுமே! அறிக்கையில் காற்றுக்கு அடுத்து வரும் பார்வைத்தூரத்தை நீங்கள் வாசிக்கவே இல்லை.