தீர்ப்பு வருவதற்கு முன்பே பறிபோகும் வாக்கு

"சிறையில் இருப்பவனுக்கு ஓட்டு ஒன்றுதான் குறைச்சலா?" விசாரணைக் கைதிகளின் வாக்குரிமை பற்றி நேற்றிரவு நடந்த டிவி விவாதத்தில் ஒரு மூத்த வழக்கறிஞர் கேட்டதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நெறியாளரும் கூடச் சேர்ந்து சிரித்தார். விவரம் தெரியாத ஒருவர் கேட்டிருந்தால் நான் பேசாமல் போயிருப்பேன். விசாரணைக் கைதிக்கும் தண்டனைக் கைதிக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்தே தொழில் நடத்துபவர், அப்படி ஒன்று இருப்பதே தெரியாததுபோல் பேசியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

விசாரணைக் கைதி என்றால் தீர்ப்பு வராதவர். அவ்வளவுதான். 2022ஆம் ஆண்டுக்கான தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி நம் சிறைகளில் இருந்தவர்கள் 5.73 லட்சம் பேர்; அதில் 4.34 லட்சம் பேர் இப்படித் தீர்ப்பு வராதவர்கள். நான்கில் மூன்று பேர். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 62(5), சிறைக்குள் இருக்கும்வரை இவர்கள் வாக்களிக்கக் கூடாது என்கிறது. தண்டனை பெற்று, மேல்முறையீடு செய்து ஜாமீனில் வெளியே வந்தவரோ ராஜாபோல வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொள்ளலாம். குற்றம் நிரூபணமானவருக்கு வாக்கு உண்டு, நிரூபணமாகாதவருக்கு இல்லை.

இன்னும் கேளுங்கள். குண்டர் சட்டத்தில் உள்ளே போனால் அது தடுப்புக் காவல், அதாவது இனி குற்றம் செய்துவிடக் கூடாது என்று முன்கூட்டியே அடைத்துவைப்பது. அவருக்குத் தபால் வாக்கு உண்டு. திருட்டு வழக்கில் ரிமாண்ட் ஆனவருக்கு அதுவும் கிடையாது.

என் தாய்மாமா ஒரு வரப்புத் தகராறில் நான்காவது குற்றஞ்சாட்டப்பட்டவராகச் சேர்க்கப்பட்டவர். ஜாமீன் கிடைத்தது. ஆனால் சொத்து ஆவணத்தோடு இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும் என்றது உத்தரவு. அதுவரை வீட்டில் வந்து காபி குடித்துக்கொண்டிருந்த சொந்தங்கள் எல்லாருடைய பத்திரமும் ஒரே நாளில் வங்கியில் அடகுக்குப் போய்விட்டது! அவர் உள்ளேயே இருந்தார். தேர்தல் வந்தது. பூத் சிலிப் கொடுக்க வந்தவர்கள் அவர் பெயருக்கும் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அத்தைக்குச் சட்டம் தெரியாது. அடுத்த முறை சிறையில் மனு போட்டு அவரைப் பார்க்கப் போகும்போது அதை மடித்துப் பர்ஸில் வைத்து எடுத்துப்போய், வாசலில் இருந்த காவலரிடம் நீட்டி, "அன்றைக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போவீர்களா ஐயா?" என்று கேட்டார். அவர் வாங்கிப் படித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். இருவரும் சிரித்தார்கள். நேற்று கேட்ட அதே சிரிப்பு.

பிறகு மாமா விடுதலையானார். ஆனால் வாக்கு போனது போனதுதான்.

கைதிகளை வாக்களிக்க வைப்பதென்றால் "பாதுகாப்புக்குப் போலீஸ் போதாது" என்று 1997இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது என்பீர்கள். ஆமாம், அனுகுல் சந்திர பிரதான் வழக்கில் சொன்னது, இந்தப் பிரிவு செல்லும் என்றும் சொன்னது. ஆனால் இன்று 85 வயது கடந்தவர்களின் வீட்டுக்கே வாக்குப்பெட்டி போகிறது. தடுப்புக் காவலில் இருப்பவருக்குத் தபால் வாக்குச்சீட்டு சிறைக்குள்ளேயே வருகிறது. அதே சிறையில் அடுத்த அறைக்கு அந்தச் சீட்டு போக எத்தனை பட்டாலியன் வேண்டும்? வாக்குரிமை அடிப்படை உரிமை இல்லை, சட்டம் கொடுத்த உரிமைதான் என்று இன்னொருவர் வருவார். நல்லது, அப்படியானால் சட்டத்தைத் திருத்துங்கள். நான் கேட்பதும் அதுதான். "பாதிக்கப்பட்டவர்களை நினைத்தீர்களா?" என்பவர்களுக்கு ஒரே பதில்: தீர்ப்பு வரவில்லை.

தண்டனைக் கைதிகளுக்கும் கேட்கிறாயா என்றால், அது வேறு வாதம். கனடாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நீதிமன்றங்களே கொடுத்திருக்கின்றன. அதற்கு இன்னொரு நாள் வருகிறேன்.

திருத்துவது கடினம் என்று மட்டும் சொல்லாதீர்கள். வாக்களிக்க முடியாதவர் போட்டியிடவும் முடியாது என்று 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதாவது, அரசியல்வாதிகளின் மடியில் கைவைத்தது. அதே ஆண்டிலேயே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திவிட்டது: சிறையில் இருப்பவர் வாக்களிக்கக் கூடாது, ஆனால் வேட்பாளராக நிற்கலாம். 2024 மக்களவைத் தேர்தலில் காஷ்மீரின் பாராமுல்லா தொகுதியில் எஞ்சினியர் ரஷீத், திகார் சிறையில் விசாரணைக் கைதியாக இருந்தபடியே ஒமர் அப்துல்லாவைத் தோற்கடித்தார். லட்சக்கணக்கானோர் அவருக்கு வாக்களிக்கலாம், அவர் தனக்கே வாக்களிக்க முடியாது. வேட்பாளர்களுக்கு என்றதும் அவ்வளவு வேகம். வாக்காளர்களுக்கு என்றால் போலீஸ் போதாது.

நேற்று அங்கே உட்கார்ந்திருந்த கட்சிப் பிரதிநிதிகள் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. சமூகநீதி பேசுகிறவர்களும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பணமும் ஆளும் இல்லாதவர்கள்தான் ஜாமீன் கிடைத்தும் உள்ளே கிடக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாதா? ஜாமீன்தாரர் கிடைக்காததற்கு எந்தப் பிரிவில் தண்டனை என்று அந்த வழக்கறிஞராவது சொல்லட்டும்.

இதைப் படித்துவிட்டு "உங்கள் மாமா என்ன செய்தாரோ, யார் கண்டது" என்று எழுத ஒருவர் வருவார். விடுதலைத் தீர்ப்பு கையில் இருந்தபோதே எங்கள் தெருவில் அதைக் கேட்டவர்கள் உண்டு. என் சித்தி மகளின் பெண் பார்க்கும் நிகழ்ச்சியில்கூடக் கேட்டார்கள். எழுதிக்கொள்ளுங்கள், அழிக்க மாட்டேன்.