"அளக்க வந்தீகளா?"

போன வாரம் நண்பர் ஒருவர் போனில் கூப்பிட்டு, "மதுரை மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியில ஒரு பாரம்பரிய ஓட்டம் நடத்தப்போறோம், ஐநூறு பேர், டீ-ஷர்ட், மெடல் எல்லாம் உண்டு, அந்தப் பக்கத்து வண்டிப்பாதை பூராம் உனக்குத்தான் தெரியுமே, ரூட் மட்டும் போட்டுக் குடு" என்றார். மாட்டேன் என்றேன். கோபித்துக்கொண்டார். "பெரிய ரகசியம் பாரு" என்று வேறு சொல்லிவிட்டு வைத்துவிட்டார். போனில் சொல்ல வராததை இங்கே எழுதிப் பார்க்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் பல வருடம் தெப்பக்குளத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியவன்தான். ஒரு கட்டத்தில் செக்குமாடு மாதிரி ஆகிவிட்டது. எத்தனையாவது சுற்றில் எந்த வடைக்கடையில் எண்ணெய் காயும் என்பது வரை அத்துப்படி. அப்புறம் ஒரு நாள் கீழக்குயில்குடிக்குப் போனேன். மதுரைக்கு மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அடிவாரத்தில் அய்யனார் கோயில், பெரிய பெரிய ஆலமரங்கள், பக்கத்திலேயே தாமரைக்குளம், அதற்குமேல் மொட்டையாகச் சமணமலை. மலையடியை ஒட்டி ஓடி, மூச்சு வாங்கிக்கொண்டே பாறையேறிப் பேச்சிப்பள்ளத்துக்குப் போனால் ஒரு சுனை, அதற்குமேலே பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், சமணர்கள் வணங்குகிற ஞானிகளின் சிற்பங்கள். சிற்பங்களுக்குக் கீழே யார் செய்துவைத்தது என்று வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்தில் இருக்கிறது. அதில் ஒன்று, அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி.

அச்சணந்தி யார் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முந்தைய சமணத் துறவி. ஆனைமலையில் அவர் பெயர் இருக்கிறது, கொங்கர் புளியங்குளத்தில் இருக்கிறது, அரிட்டாபட்டியில் இருக்கிறது. மதுரையைச் சுற்றி மட்டும்தானா என்று பார்த்தால், வடக்கே வேலூர்ப் பக்கம் வள்ளிமலையில் இருக்கிறது, தெற்கே கன்னியாகுமரி மாவட்டம் சிதறாலில் இருக்கிறது. சமணத் துறவி வண்டி வாகனம் ஏறக்கூடாது. ஆக, இத்தனையும் நடந்தே போயிருக்க வேண்டும், அதுவும் செருப்பில்லாமல். எட்டாயிரம் ரூபாய் ஷூவைப் போட்டுக்கொண்டு முழங்கால் வலிக்கிறது என்று பதிவு போடுகிற கூட்டத்தில் ஒருத்தன் நான். அன்றையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் அச்சணந்தி போன ஊர்தான் எனக்கு ரூட்.

மதுரைக்காரர்கள் எண்பெருங்குன்றம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நகரத்தைச் சுற்றிச் சமணர்கள் இருந்த எட்டு மலைகள். காரில் போனால் இவையெல்லாம் தனித்தனி "ஸ்பாட்". இறங்கி, படம் பிடித்து, ஏறிவிடலாம். காலால் போனால்தான் ஒரு மலையிலிருந்து அடுத்தது கண்ணுக்குத் தெரிகிறது, நடுவில் கண்மாய் இருக்கிறது, தண்ணீர் இருக்கிற இடத்தைத் தொட்டுத்தான் பாதை போகிறது என்பதெல்லாம் உடம்புக்குப் புரிகிறது. அதிலும் கண்மாய்க்கரை மாதிரி ஓடுவதற்கு ஒரு தரை உலகத்தில் கிடையாது என்பது என் கருத்து. கெட்டிப்பட்ட மண், இரண்டு பக்கமும் பனை, ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல். கார்த்திகை மார்கழியில் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிக் கடக்க வேண்டும், நேரமெல்லாம் போய்விடும், போகட்டும்.

காடு வேண்டும் என்பவர்களுக்கு அழகர்கோயில். கோட்டைச் சுவருக்கு உள்ளே நுழைந்து, கட்டி முடிக்காமல் விட்ட ராயகோபுரத்தைத் தாண்டிப் போனால், பழமுதிர்சோலைக்கும் அதற்கும் மேலே நூபுரகங்கைக்கும் மலைப்பாதை ஏறுகிறது. வனத்துறை இடம், அதனால் அவர்கள் சொல்கிற நேரம்தான் நேரம். குரங்கு உங்கள் கையில் இருக்கிற எதையும் விடாது, ஒருமுறை என் பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு என் முன்னாலேயே உட்கார்ந்து கொட்டையைத் துப்பித் துப்பித் தின்றது. எனக்குப் பிடித்தது அந்த ஏற்றம் இல்லை, மலையின் இன்னொரு பக்கம். மேலூர் ரோட்டில் கிடாரிப்பட்டி வரை சமதளம்தான், அங்கே மலைமேல் ஒரு குகை, ஊர்க்காரர்களுக்கு அது பஞ்சபாண்டவர் படுக்கை. கல்லில் வெட்டிய படுக்கைகள், மேலே பாறை விளிம்பில் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய தமிழி எழுத்து, தமிழ் பிராமி என்பார்களே அது. யார் யார் பெயர் தெரியுமா? உப்பு வணிகன், வெல்லப்பாகு விற்கிற பாணித வணிகன், கலப்பைக் கொழு விற்கிறவன், மதுரைப் பொற்கொல்லன் ஒருத்தன். ராஜா பெயரைத் தேடிப் போனவனுக்கு உப்பு விற்கிறவன் கிடைத்தான் என்றால் எனக்கு அதுதான் சந்தோஷம். இவர்களும் இதே மலையைக் கண்ணுக்குக் குறியாக வைத்துத்தானே மதுரைக்குப் போய் வந்திருப்பார்கள்?

மாங்குளம் மலையில் ராஜா உண்டு. பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வெட்டிய கல்வெட்டு, 1882-ல் ராபர்ட் சீவெல் கண்ணில் பட்டது, அப்போது யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. அதே மலையில் வெள்ளறை ஊர் வணிகக் குழுவினர் கொடுத்த கொடையும் எழுதியிருக்கிறது. அந்த வெள்ளறை இன்றைய வெள்ளரிப்பட்டிதான் என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். மேலூர் நான்குவழிச் சாலையில் பஸ்ஸில் போகும்போது கண்டக்டர் கத்துவாரே, அதே வெள்ளரிப்பட்டி.

சரி, அரிட்டாபட்டிக்கு வருகிறேன்.

ஏழு மலை, ஏகப்பட்ட சுனை, கண்மாய். லகார் வல்லூறு முதல் தேவாங்கு, எறும்புத்தின்னி வரை இருக்கிற இடம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 எக்டேர். பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில் ஒன்று, அதில் சிவனின் அவதாரமாகச் சொல்லப்படுகிற லகுலீசர் சிற்பம், தமிழ்நாட்டில் அபூர்வம். மலையின் இன்னொரு பக்கம் தமிழிக் கல்வெட்டும், நம் அச்சணந்தி செய்வித்த தீர்த்தங்கரரும். நான் முதலில் போனபோது யாரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை. "யாரோ டவுன் பையன், சுகர் போல" என்று ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

2025 தொடக்கத்தில் மறுபடி போனேன். அதற்குள் அந்த ஊர்களின் தலையில் என்ன விழுந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 2024 நவம்பரில் சுரங்கம் தோண்ட நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஏலம் போன செய்தி, இரண்டாயிரம் எக்டேருக்கும் மேல், அரிட்டாபட்டியும் அதற்குள். ஊர் ஊராகக் கூட்டம், கிராமசபைத் தீர்மானம். டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளத்துக்கு ஆயிரக்கணக்கில் சனம் வந்தது, கைக்குழந்தையோடு நடந்தவர்களைப் பார்த்தேன். ஜனவரி 23-ஆம் தேதி ஏலத்தை ரத்து செய்தார்கள்.

நான் போனது ரத்துக்கு அடுத்த மாதம். பொழுது விடிகிற நேரம், ரோட்டில் ஒரு ஓரமாக உளுந்து காயப்போட்டிருந்தார்கள், அதை மிதிக்காமல் விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தேன். மலையடியில் வந்ததும் நின்று கடிகாரத்தில் தூரத்தைப் பார்த்தேன், போனை எடுத்து மலையைப் படம் பிடித்தேன். பின்னாலிருந்து குரல்.

"என்ன தம்பி, அளக்க வந்தீகளா?"

எழுபது வயதிருக்கும். தோளில் துண்டு, கையில் ஆடு ஓட்டுகிற கம்பு. கேட்ட விதத்தில் மிரட்டல் இல்லை. ஆனால் என் வாயிலிருந்து வரும் பதிலை வைத்துத்தான் அடுத்தது என்று புரிந்தது.

"இல்லங்கய்யா, சும்மா ஓடுறேன்."

"சும்மா ஓடுறீகளா. கையில என்னமோ பாத்து பாத்து நிக்கிறீக?"

கடிகாரத்தைக் காட்டினேன். எவ்வளவு தூரம் ஓடினேன் என்று காட்டும், வந்த வழியைக் கோடு போட்டு வைத்துக்கொள்ளும் என்றேன். சொல்லும்போதே தெரிந்தது, இதுவும் அளப்பதுதானே. அவர் அந்தக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்தார். "இது யாருக்குப் போகும்?" என்று கேட்டார். பதினைந்து வருடமாக ஓடுகிறேன், அந்தக் கேள்வியை நான் எனக்குள் ஒருமுறைகூடக் கேட்டுக்கொண்டதில்லை. ஆப்பில் போடுவேன், லைக் வரும், எவனோ ஒருத்தன் அதைத் தரவிறக்கி நாளைக்கு இதே பாதையில் பத்துப் பேரோடு வருவான். இதை அவரிடம் எப்படிச் சொல்வது? "எனக்கு மட்டுந்தான்யா" என்று பொய் சொன்னேன். நம்பினாரா தெரியவில்லை. ஆனால் பேச ஆரம்பித்துவிட்டார். இந்தப் பக்கம் ஏறாதீக, தேன்கூடு இருக்கு. அந்தப் பக்கம் சுனைத் தண்ணியில காலை நனைக்காதீக, கோயிலுக்கு எடுக்கிற தண்ணி. நாய்க்கு ஓடாதீக, நில்லுங்க, அது போயிரும். ஒரு வழிகாட்டிப் புத்தகத்தில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அந்தப் பாதையின் பதிவை ஆப்பிலிருந்து எடுத்துவிட்டேன்.

இப்போது நண்பருக்கு. ஐநூறு பேர் என்றால் ஐநூறு தண்ணீர் பாட்டில், குறைந்தது. விடியற்காலை மைக்கில் ஒருத்தன் கத்துவான், "கமான் மதுரை" என்று பாட்டுப் போடுவான், பாறைப் பொந்தில் வல்லூறு குஞ்சு பொரித்திருக்கிற மாதமாக இருந்தாலும் அவனுக்குத் தெரியாது. உளுந்து காய்கிற ரோட்டை மூன்று மணி நேரம் மறிப்பீர்கள், "அனுமதி வாங்கிட்டோம்" என்பீர்கள். யாரிடம்? அந்த மலை இன்றைக்கு அங்கே நிற்கிறது என்றால் அது அவர்கள் மார்கழிக் குளிரில் ரோட்டில் உட்கார்ந்ததால் நிற்கிறது. நாம் ஓசியில் அழகு பார்க்க வருகிற விருந்தாளி. விருந்தாளி ஐநூறு பேரைக் கூட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் வந்தால் எந்த வீட்டில் சேர்ப்பார்கள்?

அதற்காக யாரும் போகாதீர்கள் என்று சொல்லவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிராமத்து ரோட்டில் ஓடுவது பணக்காரப் பொழுதுபோக்கு என்று எழுதுகிறவர்களோடும் எனக்கு ஒத்துவராது, உப்பு விற்றவனும் ஆண்டியும் நடந்த பாதை அது. இரண்டு பேர், மூன்று பேராகப் போங்கள். பங்குனி பிறந்துவிட்டால் ஏழு மணிக்கெல்லாம் பாறை சுட ஆரம்பித்துவிடும், அதற்குள் இறங்கிவிடுங்கள். சீமைக்கருவேல முள் எந்தக் கம்பெனி ஷூவையும் குத்தும், அதற்கு மருந்தில்லை. கல்வெட்டுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே எவனோ ஹார்ட்டின் போட்டுப் பெயர் செதுக்கியிருப்பான், பார்த்தால் வயிறு எரியும். மஞ்சுவிரட்டுக் காளையை விடியற்காலையில் நடத்திக் கூட்டிப்போவார்கள், எதிரே வந்தால் ஓட்டத்தை நிறுத்தி ஓரமாக நில்லுங்கள், அது உங்கள் வேகத்தைப் பார்த்து என்ன நினைக்கும் என்று சொல்ல முடியாது.

நண்பா, கோபம் தணிந்திருந்தால் வருகிற ஞாயிறு காலை நாலரைக்கு மாட்டுத்தாவணிக்கு வா. முதல் பஸ்ஸில் போவோம். கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டு வா. அந்தப் பெரியவர் ஆறு மணிக்கு டீக்கடையில் இருப்பார், ரூட்டை அவரிடமே கேள். டீக்காசு உன்னுடையது.