மரம் நம்முடையது, அரிவாள் கவுன்சிலுடையது

இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டத்து மரத்துக்கு மரப் பாதுகாப்பு ஆணை, அதாவது டி.பி.ஓ., விழுந்துவிட்டால் கூத்தைப் பாருங்கள். மரம் உங்களுடையது. பராமரிப்புக் காசு உங்களுடையது. ஆனால் ஒரு பச்சைக் கிளையை வெட்ட, வேரில் கை வைக்க, கவுன்சிலின், அதாவது உள்ளாட்சி மன்றத்தின், எழுத்துமூல அனுமதி வேண்டும். உங்கள் கிளை தன் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதே என்று பக்கத்து வீட்டுக்காரர் வெட்டினாலும் அதே சட்டம்தான்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது, அந்த ஒரு புண்ணியம். முடிவு சொல்ல 8 வாரம். பதிலே வரவில்லையா? மௌனம் சம்மதம் என்று ரம்பத்தைத் தூக்கினால் தொலைந்தீர்கள்! மேல்முறையீடு செய்யலாம், அவ்வளவுதான். ஆணை இல்லாமல் கன்சர்வேஷன் ஏரியாவில் (பழமை கெடாமல் காக்க கவுன்சில் குறித்துவைத்த பகுதி) மட்டும் நிற்கிற மரம் என்றால் கதை தலைகீழ்: 6 வார நோட்டீஸ் கொடுத்து, கவுன்சில் ஆணை போடாமல் விட்டால் வெட்டலாம். ஒரே தெருவில் இரண்டு விதி. யாருக்கு ஐயா புரியும்?

விண்ணப்பத்தில் ‘30 சதவீதம் குறைக்க வேண்டும்’ என்று எழுதுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் ரத்தம் கொதிக்கிறது. எதில் 30? உயரத்திலா, விரிவிலா, இலையிலா? உள்ளே நெருக்கமான கிளைகளைக் கலைக்கத்தான் சதவீதம். அளவைக் குறைக்க மீட்டர் வேண்டும்: ‘இப்போது உயரம் 16, விரிவு 12, உச்சியில் 2 மீட்டரும் சுற்றிலும் 1.5 மீட்டரும் எடுத்தபின் உயரம் 14, விரிவு 9.’ கூடவே மரமும் வீடும் தெருவும் தெரிகிற ஒரு வரைபடம். காசு வாங்குகிற மரவெட்டிக்காரரே இதை எழுதத் தெரியாமல் இருந்தால் என்ன சொல்ல!

காரணமும் லேசில் எடுபடாது. லைம் மரத்தை எடுங்கள் (எலுமிச்சை இல்லை, லிண்டன்). கோடையில் அதன் இலையில் அசுவினிப் பூச்சி மொய்த்து, இனிப்புப் பிசின் சொட்டும். காலையில் கார் பானட்டில் விரல் ஒட்டும். விட்டுவைத்தால் அதன்மேல் கரும்பூஞ்சை. கேட்டால் பெரும்பாலும் ‘காரைக் கழுவுங்கள்’ என்கிற தோரணையில்தான் பதில். சுவர் விரிசலுக்கு மரம்தான் காரணம் என்றால் இன்னும் மோசம்: பொறியாளர் அறிக்கை, விரிசலை அளந்த கணக்கு, மண், வேர் விவரம், மர நிபுணர் அறிக்கை வேறு. காய்ந்தால் சுருங்குகிற லண்டன் களிமண்ணில் இது அன்றாடத் தலைவலி.

பட்ட கிளைக்கு அனுமதி வேண்டாம். மரமே பட்டுப்போனால் 5 வேலை நாள் முன்னறிவிப்பு. ஆனால் பட்டுப்போயிருந்தது என்று காட்டவேண்டியது நீங்கள். வெட்டுமுன் படம் எடுத்து வையுங்கள்.

இதற்கிடையில் வேன் ஓட்டிவந்து கதவைத் தட்டுகிற ஆசாமி: ‘அதெல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க, உச்சியை மொட்டையடிச்சிடலாம்.’ கேட்பார்கள். அனுமதியில்லாமல் மரத்தை அழித்தால் அபராதத்துக்கு உச்சவரம்பே இல்லை. வெட்டியவருக்கும், வெட்டச் சொன்னவருக்கும். மொட்டையடித்த இடம் உள்ளே அழுகும். சுற்றிலும் வலுவில்லாத கொம்புகள் புதராக வெடித்து, சில வருடத்தில் முன்பைவிட அடர்த்தியாக நிற்கும்.

எல்லாம் சரியாகி மே மாதம் அனுமதி கைக்கு வந்தால், கிளையில் பறவைக் கூடு! 1981 வனவிலங்குச் சட்டப்படி பயன்பாட்டில் இருக்கும் கூட்டைக் கலைப்பது குற்றம். மறுபடி காத்திரு. விண்ணப்பத்தை ஜூலையில் போடுங்கள். செப்டம்பரில் அனுமதியும் வந்திருக்கும், குஞ்சும் பறந்திருக்கும்.