சங்கிலி இங்க, சீசர் எங்க?

(காசிமேடு மீன் சந்தை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. பாதி சென்னை கையில் பையோடு வந்து நிற்கிறது. தனம் அக்கா சங்கராவை அடுக்கிக்கொண்டிருக்கிறார். எதிரே பாபு. கையில் சங்கிலி, அதன் மறுமுனையில் யாருமில்லை.)

தனம்: இன்னாடா பாபு, காத்த வாக்கிங் இட்டுனு வந்தியா?

பாபு: வெளாடாதக்கா. நாய் ஓடிப்பூட்ச்சு.

தனம்: தத்து எடுத்தேன்னு வாட்ஸப்பு பூரா படம் போட்டியே, அதுவா? சங்கிலி அறுந்துச்சா?

பாபு: நானேதான் அவுத்து வுட்டேன்.

தனம்: ஞாயித்துக்கெழம, காசிமேட்ல, ஏலம் போற நேரத்துல, நாய அவுத்து வுட்ட? தடைக்காலத்துல வுட்டிருந்தாலும் பரவால்ல. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாளு விசைப்படகு போவாது. நாயிங்களே அப்ப வேற பொழப்பு தேடிப் பூடும்.

பாபு: வீடியோவுல ஒரு வெள்ளக்காரன் அவுத்து வுட்டான்க்கா. ஒரே விசிலு. வந்து கால்ல வுய்ந்துச்சு.

தனம்: அவன் பக்கத்துல யாராச்சும் வஞ்சரம் வெட்டினு இருந்தாங்களா?

பாபு: இல்ல. புல்லுதான் இருந்துச்சு.

தனம்: நீ இன்னா காட்டிக் கூப்ட?

பாபு: பிஸ்கட்டு.

தனம்: பிரியாணிக் கடை வாசல்ல பொரிய நீட்டிக்கிற. உப்பு போடாம ஈரல வேகவெச்சி எடுத்தாந்திருந்தா, கொஞ்சம் நின்னு யோசிச்சாச்சும் இருக்கும். வூட்டுக்கு வந்து எத்தினி நாளாச்சு?

பாபு: 11 நாளு.

தனம்: குடுத்தவங்க ஒண்ணும் சொல்லி அனுப்பலியா?

பாபு: சொன்னாங்க. மூணு நாள் மெரளும், மூணு வாரத்துல பழகும், மூணு மாசம் ஆனாத்தான் இது நம்ம வூடுன்னு நம்பும்னு.

தனம்: எனக்குக் கண்ணாலமாயி 30 வருசம். எங்கூட்டுக்காரரு இன்னும் நம்பல. நீ 11 நாள்ல அவுத்து வுட்டுட்ட.

பாபு: ஐஸ் வண்டி வரைக்கும் தொரத்தினு ஓடுனேன்க்கா.

தனம்: தொரத்துனா அதுக்கு ஓடிப்புடிச்சி ஆட்டம். நீ இந்தாண்ட திரும்பி ஓடியிருக்கணும். அது உன்ன தொரத்தினு வந்திருக்கும்.

பாபு: இந்தக் கூட்டத்துல நான் தனியா திரும்பி ஓடுனா, பர்ஸ் அட்ச்சிட்டேன்னு என்ன கட்டி வெச்சிருப்பாங்க.

தனம்: சரி, அடையாளம் சொல்லு.

பாபு: செவல. சுருட்டு வாலு. ஒரு காதுல ஓரமா வெட்டியிருக்கும்.

தனம்: கருத்தடை பண்ணதுக்கு அடையாளம் அது. இங்க சுத்தறதுல நெறைய நாய்க்கு அப்பிடித்தான். கய்த்துப் பட்டைல போன் நம்பரு கீதா?

பாபு: கீது. மாமியாரு நம்பரு. என்னுதுன்னா எடுக்க மாட்டேன்னு வூட்ல மாத்திட்டாங்க.

தனம்: வெளிய இட்டுனு வந்தா சங்கிலி கட்டாயம்னு கார்ப்பரேஷன்ல சொல்லிக்கீறாங்க, தெரியுமா?

பாபு: சங்கிலிதான் கையில கீதே.

தனம்: (அவனையும் சங்கிலியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு) பேர சொல்லிக் கூப்டியா?

பாபு: தொண்ட கட்டிப்பூட்ச்சு. சீசர் சீசர்னு கத்துனேன். திரும்பிப் பாத்துச்சுக்கா. பாத்துட்டு முன்னவிட வேகமா ஓடிச்சு.

தனம்: வூட்ல எப்பல்லாம் சீசர்னு கூப்டுவ?

பாபு: குளிப்பாட்ட சொல்லோ. செருப்பக் கடிச்சா. ஊசி போட ஆட்டோவுல ஏத்த சொல்லோ.

தனம்: சோறு போட சொல்லோ?

பாபு: அது மாமியாரு டிபார்ட்மென்ட்டு.

தனம்: அப்ப சீசருங்கறது பேரு இல்லடா, ஹார்பர்ல ஏத்தற புயல் கூண்டு. ஏத்துனவொடனே தப்பிச்சிக்கணும்னு அதுக்குப் புரிஞ்சிபோச்சு. மாமியாரு இன்னான்னு கூப்டுவாங்க?

பாபு: அது வேணாம்க்கா.

தனம்: நாய் வேணுமா, மானம் வேணுமா?

பாபு: (வாய்க்குள்ளேயே) மாப்ளே.

தனம்: இன்னாது?

பாபு: மாப்ளே! எங்கிட்ட நேரா பேச மாட்டாங்கக்கா. சொல்ல வேண்டியதெல்லாம் அதுகிட்டதான் சொல்லுவாங்க. "மாப்ளே, நீயாச்சும் நேரத்துக்கு வூட்ல கீற. வா, சாப்டு." கல்யாணமாயி எனக்கு வெக்காத முட்டையெல்லாம் 11 நாள்ல அதுக்கு வெச்சிட்டாங்க.

தனம்: அப்ப கூப்டு.

பாபு: இங்கயா?

தனம்: அவங்க கூப்டறாப்பலயே கூப்டணும். ராகம் மாறக் கூடாது.

பாபு: (கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு) மாப்ளே...! வா, சாப்டு!

(ஐஸ் உடைப்பவர் நிமிர்கிறார். வலை மடிப்பவர் நிமிர்கிறார். நாலாபக்கமிருந்தும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏழு பேர் வருகிறார்கள். அவர்கள் கால்களுக்கு நடுவே சீசர், வாயில் ஒரு கானாங்கெளுத்தியோடு.)

பாபு: டேய் சீ...

தனம்: வாய மூடு! வந்த நாய அதட்டுனா அடுத்த தபா மாப்ளேவும் வேலைக்காவாது. தடவிக் குடு. அந்த பிஸ்கட்ட இப்ப குடு. போட்டுக்காரங்ககிட்ட சொல்லி 10 மீட்டர் கயிறு வாங்கித் தரேன், அதுல வுட்டுப் பழக்கு. கய்த்துல கட்டாத, நெஞ்சுப் பட்டை வாங்கி அதுல கட்டு. ஓடுற வேகத்துக்கு கய்த்து வெட்டிக்கும்.

பாபு: (சங்கிலியை மாட்டிக்கொண்டே) இந்த மீனு யாருதுக்கா?

தனம்: என்னுது. அந்தக் கூடைலேர்ந்துதான் எடுத்துச்சு. காச அப்பறம் பேசிக்கலாம்.

(ஏழு பேரும் இன்னும் நகரவில்லை.)

பாபு: அக்கா, இவங்க ஏன் நிக்கிறாங்க?

தனம்: சாப்டுன்னு நீதான கூப்ட? ஏழு மாப்ளைக்கும் டீ சொல்லு. எனக்கு சக்கர கம்மி.