திருவிழாவுக்குப் பணம் சேர்க்கும்போது நாங்கள் எந்த ஊர்?

எங்கள் ஊர்க் கோயில் பொதுக்கூட்டக் காணொளியைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை முதல் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், பகிர்ந்தும்விட்டீர்கள். கோபப்பட்டவர்களும் சிரித்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறீர்கள். ஆனால் நேற்று அந்த ஆலய பரிபாலன சபை வெளியிட்ட "விளக்க அறிக்கை"யைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. பொதுக்கூட்டத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ஒருவர், தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு, அதாவது மலையகத் தோட்டங்களிலிருந்து வடக்கே வன்னிக்கு வந்த எங்களைப் போன்றவர்களுக்கு, சாமி கும்பிட உரிமை இருக்கிறது, கோயில் திறப்பை (சாவியை) கேட்க உரிமையில்லை, நிர்வாகம் பூர்வீகக் குடிகளிடம்தான் இருக்க வேண்டும் என்று பேசுகிறார். மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் கைதட்டுகிறார்கள். அறிக்கையோ, அது உறுப்பினர் ஒருவரின் தனிப்பட்ட கருத்து, யாருடைய மனத்தையும் புண்படுத்தும் நோக்கம் இருக்கவில்லை என்கிறது. ஓர் ஆளின் தனிப்பட்ட கருத்துக்கு அத்தனை கைகள் எங்கிருந்து வந்தன என்பதை அறிக்கை விளக்கவில்லை.

நான் கேட்பது ஒரேயொரு கேள்வி. தேவைப்படும்போது தமிழர்களாக இருக்கும் நாங்கள், பங்கு கேட்கும்போது மட்டும் எப்படி இந்தியத் தமிழர்களாகிவிடுகிறோம்? வெள்ளைக்காரர் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து கொண்டுவந்தவர்களின் பரம்பரைக்கு இந்த நாட்டில் வைத்த பெயர் அது. திருவிழாவுக்கு வீட்டுக்கு 5000 ரூபா என்று பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு படலையில் வந்து நிற்கும்போது நாங்கள் ஊர்க்காரர்கள். தேரன்று வடம் பிடிக்க இளைஞர்கள் போதவில்லை என்றால் ஊர்க்காரர்கள். அன்னதானத்துக்கு விறகு கொத்தவும், கிடாரம் கழுவவும், மறுநாள் வீதி கூட்டவும் ஊர்க்காரர்கள். வங்கிக் கணக்கில் கையெழுத்திடுபவர் யார், திறப்பு யாரிடம் இருப்பது என்ற பேச்சு வந்தவுடன்தான் எங்கள் பாட்டனார் எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்திருந்தார் என்ற ஆராய்ச்சி தொடங்குகிறது.

பூர்வீகத்தைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேசுவதற்கு இது நல்ல இடமுமல்ல. கிளிநொச்சி நகரமே, யாழ்ப்பாணத்தில் சனம் பெருகி வேலையும் காணியும் போதாமற்போனதால் 1936இல் உருவாக்கப்பட்ட குடியேற்றம். பிறகு 1960களில் படித்த வாலிபர் திட்டம் என்று விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் காணி பகிர்ந்தபோது இன்னொரு தொகுதியினர் வந்தார்கள். இவற்றுக்கெல்லாம் முன்பிருந்தே காட்டோடும் குளத்தோடும் வாழ்ந்த பழைய வன்னிக் கிராமத்தவர்கள் பூர்வீகம் பேசினால் கேட்டுக்கொள்ளலாம். மேடையில் பேசியவர் அவர்களில் ஒருவரல்லர். அவருடைய தகப்பனார் தீவுப்பகுதியிலிருந்து வெறுங்கையோடு வந்து முன்னேறியவர் என்று அவரே ஒரு செத்தவீட்டில் பெருமையாகச் சொல்ல நான் கேட்டிருக்கிறேன். அது பெருமைப்பட வேண்டிய விடயம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் காணி தேடி வந்தவர் பூர்வீகக் குடியும், உயிர் தப்பி வந்தவர் வந்தேறியும் ஆவது எந்த ஊர்க் கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை.

எங்கள் தாத்தா 1977 ஓகஸ்ட் வன்செயலில் மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) எரிந்த இரவில், அப்பாயியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டவர். தமிழ்ச் சனம் இருக்கும் இடத்துக்குப் போனால் பயமில்லாமல் இருக்கலாம் என்ற ஒரே நம்பிக்கையில்தான் வன்னிக்கு வந்தார். வந்த இடத்தில் காடு வெட்டினார். மற்றவர்களின் வயலில் வரம்பு கட்டினார். மற்றவர்களின் தோட்டத்தில் அப்பாயி செத்தல் மிளகாய் காயவைத்தார். இந்த மாவட்டத்தின் நெல்லும் மிளகாயும் கொழும்புக்குப் போன காலத்தைப் பற்றிப் பெருமையாக எழுதுகிறவர்கள், அதை விளைவித்த கைகள் எந்த மலையிலிருந்து வந்தன என்று எழுதுவதில்லை. அப்பாயி சாகும்வரை அந்த வீட்டுக்காரர்களின் முன்வாசல் வழியாக உள்ளே போனதில்லை. யாரும் போகாதே என்று சொல்லவுமில்லை. சொல்லாமலே தெரிந்துகொள்ள வேண்டிய விடயமாக அது இருந்தது.

காணி என்று நாங்கள் பேசத் தொடங்கினால் குடியுரிமைக்குப் போக வேண்டியிருக்கிறது, வேறு வழியில்லை. 1947 தேர்தலில் எங்கள் ஆட்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரசின் 7 பேர் நாடாளுமன்றம் போனார்கள். 1948இல் எங்கள் ஆட்களின் குடியுரிமையைப் பறித்த குடியுரிமைச் சட்டம் வந்தது, அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று, 1952 தேர்தலில் எங்களிலிருந்து ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து எங்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டு, மீதி 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்தார்கள். அப்பாயியின் தம்பி குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறிக் கோத்தகிரிக்குப் போனது. அங்கே அவர்கள் இன்றைக்கும் சிலோன்காரர்கள். இங்கே நாங்கள் இந்தியாக்காரர்கள். குடியுரிமை இல்லாதவருக்குக் காணி அனுமதிப்பத்திரம் இல்லை என்பது ஒரு தலைமுறையின் கதை. அனுமதிப்பத்திரம் இல்லாதவருக்கு வீட்டுத்திட்டம் இல்லை என்பது போருக்குப் பிந்திய கதை. வெட்டித் திருத்திய மண்ணில் நின்றுகொண்டே அது தங்களுடையது என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் எங்கள் ஆட்கள் கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகத்துக்கும்) பிரதேச செயலகத்துக்கும் அலைந்தார்கள். அந்தக் கதிரைகளில் அப்போது உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலானோர் சிங்களவர்கள் அல்லர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதோ, அந்தப் பழைய பாட்டு வரும் என்று எனக்குத் தெரியும். "வெளியே பேரினவாதம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போது உள்வீட்டுப் பிரச்சினையைச் சந்திக்குக் கொண்டுவரலாமா?" மன்னிக்க வேண்டும், சந்தியில் ஒலிபெருக்கி கட்டிப் பேசியது நானல்ல. பேரினவாதத்தைப் பற்றி எங்களுக்கு வகுப்பெடுக்கவும் வேண்டாம். 1977இலும் 1983இலும் எங்களை அடித்தவர்கள், நீ இலங்கைத் தமிழனா இந்தியத் தமிழனா என்று கேட்டுவிட்டு அடிக்கவில்லை. அந்தக் கேள்வியை எங்களிடம் நுணுக்கமாகக் கேட்டவர்கள் நம்முடைய ஆட்கள்தான்.

இயக்கத்தில் இருந்து செத்த சித்தப்பாவின் மகனுக்குக் கிளிநொச்சி கனகபுரத்தில், புலிகளின் மாவீரர் துயிலுமில்லத்தில் ஒரு கல் இருந்தது. அதில் பெயர் பொறித்தபோது யாரும் அவனுடைய பூர்வீகத்தை விசாரிக்கவில்லை, கார்த்திகையில் விளக்கேற்றியபோதும் விசாரிக்கவில்லை. போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு நின்ற வரிசையிலும் விசாரிக்கவில்லை. போர் முடிந்தபின் எங்களை அடைத்துவைத்த மெனிக் பாம் முகாமில் எங்களோடு ஒரே கூடாரத்தில் இன்னொரு குடும்பம் இருந்தது. அந்தக் குடும்பத்து அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது என் அம்மாதான் இரவிரவாக இருந்து பார்த்தார். "நீ என்ர கூடப்பிறந்தவள்" என்று அவர் அழுததை நான் என் காதால் கேட்டேன். ஊர் திரும்பிய பிறகு அவருடைய மகளுக்குச் சாமத்தியச் சடங்கு வந்தது. எங்களுக்குச் சொல்லவில்லை. ஆனால் சமையலுக்கு உதவிக்கு வரச்சொல்லி அம்மாவுக்கு மட்டும் ஆள் அனுப்பினார். அம்மா போனார். போனது மட்டுமல்ல, பின்வளவில் நின்று வடை சுட்டுக் கொடுத்துவிட்டு, "பாவம், அவங்க தனியா என்ன செய்வாங்க" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். எனக்கு இன்றுவரை அது ஆறவில்லை. யார்மேல் கோபம் என்றுகூடச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, கொஞ்சம் படித்த கூட்டம். "உங்களுக்காகத்தானே தந்தை செல்வா கட்சியை விட்டு வந்தார்" என்பார்கள். உண்மை. குடியுரிமை பறிக்கப்பட்ட அதே 1948இல் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் அந்த அரசாங்கத்தில் அமைச்சராகச் சேர்ந்ததை, அதே கட்சியிலிருந்த செல்வநாயகம் ஏற்கவில்லை. 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்றைக்கு எங்களுக்கு, நாளைக்கு உங்களுக்கு என்பதை மற்றவர்களுக்கு முன்பே கண்டுகொண்ட மனிதர் அவர். அவருடைய படம் எங்கள் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் நாங்கள் ஒரு கோயில் நிர்வாகத்தில் ஓர் இடம் கேட்கும் ஒவ்வொரு தடவையும் 1949ஆம் ஆண்டுப் பற்றுச்சீட்டை எடுத்து நீட்டுகிறீர்களே, அந்த மனிதர் கொடுத்தது கடனா? எத்தனை தலைமுறைக்கு வட்டி கட்ட வேண்டும்? பொன்னம்பலம் அமைச்சரானதற்கு யார் யாருக்கு வட்டி கட்டுகிறார்கள் என்று நான் ஒருநாளாவது கேட்டேனா?

"அதெல்லாம் பழைய கதை, இப்போது யார் பார்க்கிறார்கள்" என்பவர்களுக்கு என்ன சொல்வது? நான் பட்டம் முடித்து, பரீட்சை எழுதி, நியமனம் பெற்று வந்த ஆசிரியர். ஆசிரியர் அறையில் தேநீர் வேளை வந்தால், "ரீச்சர் போட்டால்தான் தேத்தண்ணிக்கு அந்த மணம் வரும், உங்கட இரத்தத்திலேயே இருக்குத்தானே" என்று ஒருவர் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் "பகிடிகூட விளங்காதவள்" என்ற பெயர் வரும். பிள்ளைகளின் புள்ளி குறைந்தால், அந்தப் பக்கத்துப் பிள்ளைகள்தானே என்று ஓர் அறிவியல் விளக்கம் கிடைக்கும். அந்தப் பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்று கேட்டால், "ரீச்சரைச் சொல்லவில்லை, ரீச்சர் அப்படியில்லை" என்பார்கள். இதைவிடக் கேவலமான பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

கல்யாணத்தைப் பற்றி விரிவாகச் சொல்லவும் வேண்டுமா? தம்பிக்குப் பொருத்தம் பார்த்த இடத்தில் சாதகம் பொருந்தியது, சம்பளம் பொருந்தியது, வெளிநாட்டில் இருந்த மாமனாருக்கும் பிடித்திருந்தது. "அம்மம்மா ஆட்கள் முந்தி எங்கே?" என்ற கேள்விக்கு அம்மா உள்ளதைச் சொன்னார். அதன் பிறகு தரகரின் தொலைபேசி வேலை செய்யவில்லை.

இது இனமுமில்லை, பிரதேசமுமில்லை, அடியிலிருப்பது சாதிதான் என்று ஒரு நண்பர் திருத்தினார். இருக்கலாம். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே விடச்சொல்லி நின்ற ஒடுக்கப்பட்ட சாதியினர் யாழ்ப்பாணத்திலேயே பிறந்து, அந்த மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டவர்கள். பூர்வீகம் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிடவில்லை. ஆகவே பூர்வீகக் குடி என்ற அந்தப் பேச்சே சாட்டுத்தான். நாளைக்கு நாங்கள் யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியன் காலத்துச் செப்பேட்டைக் கொண்டுவந்து காட்டினாலும், திறப்பு எங்களிடம் வராமல் இருப்பதற்கு இன்னொரு காரணம் அன்றைக்கே கண்டுபிடிக்கப்படும்.

"உங்கள் ஆட்களும் தோட்டங்களில் சாதி பார்க்கிறார்கள்தானே?" பார்க்கிறார்கள். அதை வேறொரு நாள் எழுதுகிறேன். "உங்கள் தலைவர்களே உங்களை விற்றவர்கள்தானே?" யாருடைய தலைவர்கள் விற்கவில்லை?

எனக்கு உண்மையில் வலிப்பது அந்த மேடைப்பேச்சுமல்ல. 1953 குடிசன மதிப்பில் இந்த நாட்டின் சனத்தொகையில் சுமார் 12 சதவீதம் நாங்கள். அப்போது வடக்குக் கிழக்குத் தமிழர்களைவிடவும் அதிகம். 2012இல் 4 சதவீதத்துக்குச் சற்று மேல். கப்பலேற்றப்பட்டவர்களின் கணக்கு ஓரளவுக்கு எல்லோருக்கும் தெரியும். இங்கேயே இருந்துகொண்டு காணாமற்போனவர்களின் கணக்கை யார் எடுப்பது? பிள்ளையின் பிறப்புப் பதிவில் இனம் என்ற கூட்டில் இலங்கைத் தமிழர் என்று எழுதச்சொல்லிப் பதிவாளரிடம் கெஞ்சிய தகப்பன்மாரை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்கு அந்தப் பிள்ளையின் படிப்புக்கோ கல்யாணத்துக்கோ அந்த ஒரு சொல் குறுக்கே நிற்கக்கூடாது என்று அவர்கள் நினைத்தார்கள். நினைத்தது சரிதான் என்பதை ஞாயிற்றுக்கிழமைக் கைதட்டல் நிரூபித்துவிட்டது. நம்முடைய ஒற்றுமை அவ்வளவு உறுதியானது என்றால், எங்கள் ஆட்கள் ஏன் அதற்குள் மாறுவேடத்தில் வர வேண்டியிருக்கிறது?

நேற்றிரவு ஒரு தம்பி உள்பெட்டியில் எழுதியிருந்தார். காணொளியைப் பற்றி நான் இட்ட சிறு பதிவில் அவர் பெயரையும் இணைத்திருந்தேன். "அக்கா, என்னை அதிலிருந்து எடுத்துவிடுங்கோ. வவுனியாவில ஒரு சம்பந்தம் பேசுப்படுது. அவையளுக்கு நாங்கள் பரந்தன் என்று மட்டும்தான் சொல்லியிருக்கு" என்று கேட்டிருந்தார். நன்றாகப் படித்த, அரசியல் பேசத் தெரிந்த பிள்ளை. மேடை கிடைத்தால் தேசியம் பற்றி ஒரு மணிநேரம் பேசுவார்.

தம்பி, உன் பெயரை எடுத்துவிட்டேன். உன்மேல் கோபமில்லை. ஆனால் இந்தப் பதிவை எடுக்கமாட்டேன், யார் கேட்டாலும் எடுக்கமாட்டேன். பேச்சு சரிவந்தால் கல்யாணத்துக்கு எனக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. உன் அப்பாயி வாயைத் திறந்தால் மலையகப் பேச்சு வந்துவிடும் என்று பயந்து அவரை வீட்டில் விட்டுவிட்டு மட்டும் போகாதே.