சரணாலய நகரம் என்றால் ஐஸ் (ICE, அமெரிக்கக் குடியேற்ற அமலாக்க அமைப்பு) வர முடியாது என்பது தவறு

"சிகாகோ மாதிரி ஊர்களில் ஐஸ் காலே வைக்க முடியாது, மேயர் தடுத்துவிடுவார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சிகாகோ ஒரு 'சரணாலய நகரம்', அதாவது குடியேற்றக் கைதுகளில் ஐஸுக்குத் தன் போலீசைக் கொண்டு உதவ மறுக்கும் ஊர். இதை நம்பி விசா சிக்கலில் இருக்கும் யாரும் அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். குடியேற்ற அமலாக்க அதிகாரிகள் அமெரிக்காவின் எந்த நகரத்திலும் கைது செய்யலாம். மேயரால் முடிந்தது, தன் போலீசை அந்த வேலைக்கு அனுப்பாமல் இருப்பதுதான். 1997ல் பிரின்ட்ஸ் என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது அது: கூட்டாட்சிச் சட்டத்தை அமல்படுத்தும்படி உள்ளூர் அதிகாரிகளைக் கட்டாயப்படுத்தக் கூடாது. (வழக்கு என்னவோ துப்பாக்கி வாங்குவோரைச் சரிபார்ப்பது பற்றியது.)

"இந்த நகரங்கள் சிறையில் இருப்பவரை ஐஸிடமிருந்து மறைக்கின்றன" என்று சிலர் சொல்வதும் சரியில்லை. உள்ளூர் சிறையில் பதியும் கைரேகை எஃப்பிஐ வழியாக, ஐஸ் அடங்கிய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குத் தானாகவே போய்விடும். பிறகு ஐஸ் ஒரு 'டிடெய்னர்' தாள் அனுப்பும்: விடுதலையாக வேண்டியவரை இன்னும் 48 மணி நேரம் வரை வைத்திருங்கள் என்று. அந்தத் தாளில் இருப்பது ஐஸ் அதிகாரியின் கையெழுத்து, நீதிபதியுடையது அல்ல. அது வெறும் வேண்டுகோள்தான் என்று 2014ல் மூன்றாவது சர்க்யூட் (வட்டார) கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேட்டபடி பிடித்து வைத்தால் நஷ்டஈட்டு வழக்கு உள்ளூர் நிர்வாகத்தின் தலையில்தான் விழும். நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் என்றால் கதையே வேறு. அதைச் சரணாலய நகரங்களும் பொதுவாக ஏற்றுக்கொள்கின்றன.