சுங்கை சிப்புட்டில் இறங்கிப் பாருங்கள்

மலேசிய ரயில் பயணம் பற்றிய உங்கள் பதிவில், கோலாலம்பூரைத் தாண்டினால் ரயில் ஜன்னலில் செம்பனை (எண்ணெய்ப் பனை) மட்டும்தான், இறங்க எதுவுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போன வருடம் உறவுக்காரர் வீட்டுக்காக நான் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டில் இறங்கினேன். ஈப்போவுக்கு வடக்கே அடுத்து வரும் தோட்டத்து ஊர்.

ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு சாப்பாட்டுக் கடை. உட்காருவதற்குள் கடைக்கார அக்கா, "பசியாறிட்டீங்களாண்ணே?" என்றார். நான் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்து மூன்று இட்லி சொல்லிவிட்டேன். அங்கே அது காலை வணக்கம் மாதிரியாம்! தே தாரிக் என்ற பால் டீயை இரண்டு குவளையில் ஒரு கை நீளத்துக்கு இழுத்து ஆற்றினார், ஒரு சொட்டு சிந்தவில்லை. வெளியூர் என்று தெரிந்ததும் இட்லிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

பக்கத்து மேசைப் பெரியவர் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவிப் பால் எடுத்தவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் இருட்டிலேயே தலையில் விளக்கோடு போவோம் என்று சொல்லி, கத்தி பிடித்துக் காய்த்த உள்ளங்கையைக் காட்டினார். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்க 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய மலேசிய இந்தியர்களின் தலைவர் துன் சம்பந்தனின் ஊர் இது. அதைச் சொல்லும்போது பெரியவர் குரலே மாறியது.

மியூசியம் பார்க்கப் போகிற ஊர் இல்லைதான், சரி. அடுத்த முறை டிக்கெட்டை ஈப்போவோடு நிறுத்தாதீர்கள்.